மீன் விடாத குட்டை

மேஸ்திரிக்குச் சுவர் நேராக நிற்க வேண்டும். "சரிவா விட்டா பார்க்க நல்லாருக்காதும்மா. நாலு பக்கமும் நேரா ஏத்தி டைல்ஸ் ஒட்டிக் குடுத்துடறேன்." அவர் சொல்வது தொட்டி. தொட்டியில் தவறி விழுந்த ஓணான் ஏறி வராது, அணிலும் வராது. தலைப்பிரட்டையிலிருந்து அன்றுதான் கால் முளைத்துக் கிளம்பிய குட்டித் தவளைக்கு அது கிணறு. கடைசியில் மூன்று பக்கம் அவர் இஷ்டம், கிழக்குப் பக்கம் என் இஷ்டம் என்று பேசி முடித்தோம்.

பத்தடி நீளம், ஆறடி அகலம். கிழக்கிலிருந்து ஆறடிக்கு மெல்ல இறங்கி இரண்டடி ஆழத்தில் முடிகிறது. ஆழம் அதற்கும் குறைந்தால் சித்திரையில் தண்ணீர் கொதிக்கும். சரிவில் பூச்சை வழவழப்பாக்க விடவில்லை; ஈரம் காயுமுன் கூழாங்கல் பதிக்கச் சொன்னேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குளிப்பது அந்த நாலு விரல் தண்ணீரில்தான். ஆழமான பக்கத்தை எந்தக் குருவியும் எட்டிப் பார்ப்பதில்லை.

புது சிமெண்ட்டில் சுண்ணாம்பு இறங்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டி... அலுப்பான வேலை. வேறு வழியில்லை.

செடி: அல்லி, கொட்டிக்கிழங்கு, நீராரை. தண்ணீருக்குள் வேலம்பாசி. கரையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும். அதில் பாதி சமையலுக்குப் போகிறது. வெங்காயத்தாமரை மட்டும் ஒரு துண்டுகூட உள்ளே வரக்கூடாது. பூ அழகுதான், நம் ஏரிகளின் கதியைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

"கொசு வராதா?" வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸுக்குப் பிடித்த இடம் கொட்டாங்கச்சி, பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. அதாவது அதைத் தின்ன யாரும் இல்லாத தண்ணீர். குட்டையில் தின்ன ஆள் உண்டு. நிரப்பிய முதல் சில வாரம்தான் ஆபத்து, அந்த ஆட்கள் வந்து சேரும் வரை. அதுவரை தினமும் வலை போட்டு அரித்தெடுக்க வேண்டும்.

கம்பூசியா மீன் விடச் சொல்லி ஆலோசனை வருகிறது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. கொசுப்புழுவோடு நிற்காது; தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டான் புழு எல்லாவற்றையும் மேயும். கப்பியும் வேண்டாம், தங்கமீனும் வேண்டாம். மீன் வேண்டுமென்றால் தனித் தொட்டி வைத்துக்கொள்ளலாம். மீனும் தவளையும் ஒரே குட்டையில் என்பது சின்ன இடத்தில் நடக்காத காரியம்.

தட்டான் புழுவை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டுப் பார்த்தேன். சேறு நிறம், ஆறு கால், அசைவே இல்லை. கொசுப்புழு ஒன்று நெளிந்துகொண்டு பக்கத்தில் வந்தது. முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த கீழுதடு நீண்டு, கவ்வி, மடங்கிவிட்டது. கண் அதைப் பிடிக்கவில்லை, முடிந்த பிறகுதான் தெரிந்தது. குச்சியால் தொட்டால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாய்கிறது.

ஐப்பசியில் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் வேறு ரகம். ஆறேழு வாரத்தில் புழு வளர்ந்தாக வேண்டும், மழைக்குட்டை வற்றிவிடும் அல்லவா. இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டுகின்றன என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். அவர் மாலத்தீவில் இருந்தவர். கடலுக்கு நடுவில் ஆண்டுதோறும் தட்டான் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறார்.

தண்ணீர் மேல் சாய்ந்த சேம்பு இலையில் வெள்ளை நுரை. வேலைக்கு வரும் அக்கா சோப்பு நுரை என்று துடைக்கப் போனார். மரத்தவளையின் கூடு அது. பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து ஓடாகிவிடும், உள்ளே ஈரம். சில நாளில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டின.

தவளை வந்தால் நீர்க்கோலியும் வரும். விஷமில்லை, பிடித்தால் வெடுக்கென்று கடிக்கும், அவ்வளவுதான். நீர்க்கோலி கடித்தால் ராச்சாப்பாடு கிடையாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

தவழுகிற, நடை பழகுகிற குழந்தை உள்ள வீட்டில் குட்டையே வெட்ட வேண்டாம். இரண்டடித் தண்ணீர் என்று அலட்சியமாகப் பேசுகிறார்கள். குழந்தைக்கு அரையடியே ஆபத்து. அகலமான மண்தட்டில் தினமும் தண்ணீர் மாற்றி வைத்தால் குருவிக்குப் போதும்.

கோடையில் நீர் இறங்கும்போது குழாய்த் தண்ணீரை அப்படியே விடுவதில்லை. டிரம்மில் பிடித்துத் திறந்து வைத்து, குளோரின் போனபிறகு ஊற்றுகிறேன். தூர் வாருவது பாதிப் பக்கம் மட்டும், மீதி அடுத்த வருஷம். வாரிய பாசியை ஒரு நாள் கரையிலேயே போட்டு வைக்க வேண்டும். உள்ளே சிக்கிய புழுவும் நத்தையும் ஊர்ந்து தண்ணீருக்குப் போய்விடும். மறுநாள் பாசி வாழைக்கு.