நின்ற கால்

சென்ற நோன்பு மாதத்தில் ஒரு நாள், தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, சாரனைச் சற்றே உயர்த்திக் கடுத்த காலை நீவிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த பேரன், “மூத்தப்பா, இதென்ன உங்கட காலுக்குள்ள மண்புழு ஓடுது?” என்று கேட்டுவிட்டான். முப்பத்தைந்து வருஷங்கள் கரும்பலகைக்கு முன்னால் நின்று பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை சொன்ன எனக்கு, இந்த வினாவின் விடையே அப்படி நின்றதில்தான் இருக்கிறது என்று சொல்லக் கூச்சமாயிருந்தது.

நம்மூரில் இதை நரம்புச் சுருட்டு என்பார்கள். நரம்புக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சுருண்டு புடைப்பது, இரத்தம் இருதயத்துக்குத் திரும்பிச் செல்லும் நாளம். இருதயம் தன் விசையால் நாடிகளின் வழியே பாதம் வரை இரத்தத்தை அனுப்பிவிடுகிறது. திரும்பும் வேளையில் அந்த விசை பெரும்பாலும் தீர்ந்துபோக, பூமியின் ஈர்ப்பை எதிர்த்து ஏறத்தாழ நாலடி உயரம் ஏறவேண்டிய இரத்தத்தை மேலே தள்ளுவது, நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் இறுகித் தளரும் கெண்டைக்கால் தசையே. தள்ளப்பட்டது கீழே வழுக்கிவிடாதபடி, நாளத்தினுள் இடைக்கிடை இரண்டிரண்டு மெல்லிய இதழ்கள் கதவுபோல் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் நாளத்தில் சுமார் 90 மில்லிமீற்றர் இரச அழுத்தம். நடந்தாலோ அது 30 அளவுக்கு இறங்கிவிடும். நிற்பதையே உத்தியோகமாகக் கொண்டவரின் நாளம் அந்தப் பாரத்தில் மெல்ல மெல்ல விரிய, விரிந்த குழாயில் இதழ்கள் ஒன்றையொன்று எட்டமாட்டாமல் வாய்பிளக்க, பின்னிறங்கிய இரத்தம் அடுத்த கதவின்மேல் சாய்ந்து அதையும் கெடுக்கிறது. ஆழத்து நாளங்களைத் தசை அணைத்துப் பிடித்திருக்கிறது; தோலடி நாளங்களுக்கு அந்த ஆதரவில்லை; ஆதலால் அவையே நெளிகின்றன.

கணுக்காலின் உட்புறத்தே தொடங்கித் தொடையிடுக்கு வரை ஏறும், சரீரத்திலேயே மிக நீண்ட நாளத்தை இப்னு ஸீனா போன்ற அரபு வைத்தியர்கள் ‘ஸாஃபின்’ என்றார்கள். அது இலத்தீனில் ‘ஸஃபீனா’வாகி இன்றும் வழங்குகிறது. நாளக் கதவுகளைப் பற்றி 1603இல் நூல் எழுதிய பதுவா நகரத்துப் பேராசிரியர் ஃபப்ரீசியஸ், அவை இரத்தத்தின் வேகத்தைத் தணிப்பவை என்றே எண்ணினார். அவை ஒருவழிக் கதவுகள் என்பதை விளங்கிக்கொண்டு, இரத்தவோட்டத்தை 1628இல் உலகுக்குச் சொன்னவர் அவருடைய மாணாக்கர் வில்லியம் ஹார்வே. உபாத்தியாயரை மாணாக்கர் திருத்திய அந்தச் சம்பவத்தில், ஓர் உபாத்தியாயனாகிய எனக்கு ஏனோ தனிப்பிரியம்.

என் வாப்பா தறிக்காரர். தறியோசையிலேயே எங்கள் ஊரான மருதமுனை கண்விழித்த காலம் அது. தறிக்குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாறிமாறி அழுத்தி, சுபஹு முதல் மஃரிப் வரை சாரன் நெய்தவருக்கு, தம் மகனின் கால் அந்தக் குழியில் இறங்கக்கூடாதென்பதே பேராசை, நானும் இறங்கவில்லை. மிதித்து மிதித்து இரத்தத்தை மேலேற்றிய அவருடைய கெண்டைக்கால் எழுபது வயதிலும் வழவழவென்றிருக்க, மதிப்பான உத்தியோகத்தில் நின்ற என் கால் புழுவோடியதாயிற்று.

இப்படியொரு சித்தாந்தத்தை அழகாகக் கட்டிக்கொண்டு கல்முனைக்கு வைத்தியரிடம் போனேன். அவரோ, “குடும்பத்தில வேற யாருக்கும் இருந்ததா?” என்று ஒரே கேள்வியில் அதைப் பாதியாக்கிவிட்டார். உம்மாவுக்கு இருந்தது. ஏழு பிள்ளைகளைச் சுமந்த அவருடைய கால்களில், கர்ப்பத்தின் பாரமும் அக்காலத்துச் சுரப்புகளால் நாளச்சுவர் தளர்வதுமாக, என்னுடையதைவிடப் பெரிய முடிச்சுகள் இருந்தன. நாங்கள் யாரும் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. சுவரின் பலவீனம் அவர் வழி வந்தது. நின்றது மட்டும் என் சொந்தச் சம்பாத்தியம்.

விரிந்த நாளம் தானாகச் சுருங்காது என்றும், நடக்கும்படியும், படுக்கையில் காலை உயர்த்தி வைக்கும்படியும், இறுக்கமான காலுறை அணியும்படியும் வைத்தியர் சொல்லி அனுப்பினார். இந்தக் கடற்கரை வெக்கையில் அந்தக் காலுறை ஒரு தண்டனைதான், அணிகிறேன். இன்று வகுப்பில் நிற்கும் இளம் உபாத்தியாயர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: கரும்பலகையடியிலேயே நின்றுவிடாமல், பின்வரிசை வரை நடந்து நடந்து பாடம் சொல்லுங்கள், பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் அது நல்லது.