ஒரு நாழிப் பேச்சு

அப்பா இறந்தபோது நான் அழவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. காங்கேயத்தில் அரிசி ஆலை வேலைக்குப் போன மனுசன், நெஞ்சுவலி வந்து பொணமாகத்தான் வீடு திரும்பினார். எழவுக் கூட்டத்தில் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். “அப்பா ஊருக்குப் போயிருக்காரு” என்றார் ஓர் அத்தை. ஊருக்குப் போகிறவர் செருப்பை விட்டுவிட்டா போவார்? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் அம்மா அழுவாள் என்று பயம். சொன்னபடி சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். பிள்ளை தேறிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்பத்தா மட்டும் அதை நம்பவில்லை. கருமாதி முடிந்த சில நாளில் வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, என்னைப் பக்கத்தில் படுக்கவைத்து, அண்ணன்மார் கதையை ஆரம்பித்தாள். பொன்னர் சங்கர் கதைதான். கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுகிற கதை அது. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் எங்கள் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அதைப் பதிவு செய்திருக்கிறார் என்பது படித்து வளர்ந்த பிறகு தெரிந்தது. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. பாட்டைக் கேட்டுக் கேட்டே மனதில் ஏற்றியிருந்தாள்.

குன்னுடையானும் தாமரையும் பிள்ளை வரம் வேண்டித் தவம் கிடந்தது, பொன்னரும் சங்கரும் வளர்ந்தது, கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடியது என்று பல இரவு போயிற்று. கொம்பன் வரும் இடம் எனக்கு உயிர். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன், அவளும் சலிக்காமல் சொல்வாள். பிறகு ஒருநாள் குரல் இறங்கியது. அண்ணன்மார் இருவரும் களத்தில் செத்துப்போனார்கள் என்றாள். போய்விட்டார்கள் என்றோ சாமியிடம் சேர்ந்தார்கள் என்றோ சொல்லவில்லை. செத்துப்போனார்கள் என்றுதான் சொன்னாள்.

நான் ஓவென்று அழுதேன். அப்பாவுக்கு வராத அழுகை சங்கருக்கு வந்தது. இத்தனை வருடம் இதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெற்ற தகப்பனைவிடக் கதையில் வருகிறவன் பெரிதா என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். சங்கரின் பெயரைச் சொல்லித்தான் அப்பாவுக்கு அழுதேன் என்று இப்போது புரிகிறது. அப்பத்தா “அழுவாத” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கதை தங்கை அருக்காணித் தங்காளிடம் வந்தது. அண்ணன்மாரைத் தேடிக் காடு காடாக அலைகிறாள், பெரியகாண்டியம்மன் அருளால் தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு பேசுகிறார்கள். எங்கள் ஆயுசு முடிந்தது தங்காளே என்று சொல்லி மறுபடியும் படுத்துவிடுகிறார்கள்.

“அவங்க வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு சொல்லு அப்பத்தா.”

“வரலியே கண்ணு. வராதவங்களை வந்தாங்கன்னு எப்படிச் சொல்றது?”

“அந்தத் தண்ணி நமக்குக் கெடைக்குமா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “கெடைச்சாலும் ஒரு நாழிதான் சாமி. உங்கப்பன் ஒரு நாழி எந்திரிச்சு உக்காந்தா நீ என்ன பேசுவே, அதைச் சொல்லு.”

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியதை, சைக்கிள் பழக்கிவிடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டு ஏமாற்றியதை, செருப்பைப் பரணில் எடுத்து வைத்திருப்பதை, எல்லாம். அப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதே பேசும்போதுதான் தெரிந்தது. முடித்துவிட்டு, நீ என்ன பேசுவாய் என்று கேட்டேன். “சாப்புடாமப் போனியே அப்பன்னு கேப்பேன்” என்றாள். அன்று காலை அப்பா அவசரத்தில் சோறு தின்னாமல் போயிருக்கிறார். பெற்ற மகனைப் பறிகொடுத்தவளுக்கும் அந்தக் கட்டிலை விட்டால் பேச இடம் இருக்கவில்லை.

அடுத்த மாசியில் மணப்பாறைப் பக்கம் வீரப்பூருக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே அண்ணன்மார் மாண்டதைப் படுகளமாக நடத்துவார்கள். அருள் வந்து சாய்கிறவர்கள் பொணம்போலக் கிடப்பார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். எழுந்தவர்களைப் பார்த்து நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். “இது கதைக்கு விழுந்தது கண்ணு. உங்கப்பன் விழுந்தது நெசம்” என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல்லை என்னால் தாங்கியிருக்க முடியாது. இத்தனை இரவு என்னோடு விழித்திருந்தவள் சொன்னதால் தாங்கினேன்.

உங்கள் வீட்டில் சாவு நேர்ந்தால் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள்; போனவர் எப்போது வருவார் என்று அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அந்தக் குழந்தையோடு இருக்க விடுங்கள். எந்தக் கதையானாலும் சொல்லட்டும். முடிவை மாற்றச் சொல்லிக் குழந்தை அடம்பிடித்தால் மட்டும் மாற்ற வேண்டாம். அது அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.