நூற்றாண்டு அலை

எம் ஊராகிய சுரண்டைக்குக் கடல் நெடுந்தொலைவு. அலையென்று யாம் இளமையிற் கண்டது, குளத்துநீரில் மேல்காற்று எழுப்பும் சிற்றலையே. எனினும், கடலலையைப் பற்றிய பாடமொன்றை அக்குளக்கரையிலேயே பிழைபடக் கற்றோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களிற் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேற் பொழிந்தது. எம் குளத்து மறுகால் சீறிப் பாய்வதைக் கண்டு நின்ற முதியோர், "இது நூறாண்டுக்கு ஒருமுறை வருவது, இனி நம் காலத்தில் வாராது," என்றனர். யாமும் அவ்வாறே நம்பினோம்.

கல்லூரியிற் கரையோரக் கட்டடங்களைப் பற்றிப் பயிலப் புகுந்தபின்னரே அந்நம்பிக்கை தகர்ந்தது. 'நூற்றாண்டு அலை' என்பது தவணை தவறாது நூறாண்டுக்கு ஒருமுறை வருவதன்று. எந்த ஓராண்டிலும் அவ்வுயரத்தை எட்டும் அலை எழும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்ததாயினும் இவ்வாண்டின் வாய்ப்புக் குறைவதில்லை. 50 ஆண்டு நிற்கவேண்டிய அலைதடுப்புச் சுவர் அதனை ஒருமுறையேனும் எதிர்ப்படும் வாய்ப்பு, நூற்றுக்கு ஏறத்தாழ 39 ஆகும்.

அவ்வுயரத்தைக் கணிப்பது எங்ஙனம்? நூறாண்டு அளவைக் குறிப்புக் கிடைத்தல் அரிது. ஆதலின், 20, 30 ஆண்டுகளில் ஆண்டுதோறும் எழுந்த பேரலைகளை வரிசைப்படுத்தி, அவற்றிற்கு இயைந்த வளைகோடொன்று வரைந்து, கண்ட எல்லைக்கு அப்பாலும் அதனை நீட்டுவர். நீட்டிய பகுதியில் ஐயம் மிகுதி. அங்கு நேரும் சிறுபிழையும் பெரும்பிழையாய் முடியும். அலையின் உயரம் இரட்டித்தால், அதனைத் தாங்கும் கல்லின் எடை எண்மடங்காதல் வேண்டும். உயரம் ஐந்திலொரு பங்கு மிகினும், எடை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காதல் வேண்டும்.

1881 நவம்பரில் வீசிய புயல், முடியுந்தறுவாயிலிருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது; பாம்பன் பாலத்தின் உத்தரங்கள் பல நீரில் வீழ்ந்தன. மனிதன் கண்ட கடலினும் காணாத கடல் பெரிதன்றோ!

சென்ற விடுமுறையில், குளக்கரைக்குக் கீழே வீடுடைய முதியவர் ஒருவர், "பெருவெள்ளந்தான் வந்து போய்விட்டதே, தம்பி! இனிக் கரைக்கு மண் எதற்கு?" என்று வினவினார்.

"தாத்தா, வந்து போனது வெள்ளத்திற்கு நினைவிராது. வரும் ஐப்பசியிலும் அது வரலாம்," என்று கூறி, கணக்கையும் விளக்கினோம்.

அவர் சற்றே வாளாவிருந்தார். பின்னர், "அப்படியானால் மறுகால் ஓடையின் அடைப்பை இக்கோடையிலேயே எடுத்துவிட வேண்டும்," என்றார். யாம் கற்ற கணக்கிற்கு இதனினும் நற்பயன் வேறில்லையென மகிழ்ந்து, மறுநாட்காலை அவருடன் மண்வெட்டி கொண்டு சென்றோம்.