விடியும்வரை வள்ளி, பத்து மணிக்குத் தையல் கடை

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரங்களில் திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊரார், ராஜபார்ட்டை (கதாநாயகன்) ஓரிடத்திலும் ஸ்திரீபார்ட்டை (கதாநாயகி) இன்னோரிடத்திலும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். பபூன் (கோமாளி), டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக்கருவி வாசிப்பவர்) எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். முன்பின் பழக்கமில்லாதவர்கள்கூட இரவு ஒன்பது மணிக்கு ஒரே கொட்டகையில் வந்து சேர்ந்து, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடத்திவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். ஆகவே இந்த மேடையில் ஒவ்வொரு நடிகரும் தனி வியாபாரி. தேதி கொடுப்பது, சம்பளம் பேசுவது, முன்பணம் வாங்குவது, உடுப்பும் கில்ட் நகையும் மேக்கப் பெட்டியும் சேர்ப்பது, போக்குவரத்துச் செலவு பார்ப்பது எல்லாம் அவரவர் பொறுப்பு.

ஒத்திகையே இல்லாமல் இது நடக்கக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) விட்டுச் சென்ற பாடம். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிய நாடகங்களின் பாட்டும் வசனமும் இன்றும் நடிகர்களின் பொதுச் சொத்து. மேடையேறும் முன் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது சுருதி எத்தனை கட்டை என்பதைத்தான். மற்றதை ஹார்மோனியக்காரர் பார்த்துக்கொள்வார். வாக்குவாதப் பகுதியான தர்க்கத்தில் நாரதர் புதிதாக ஒரு கேள்வி போட்டால், வள்ளி நின்ற இடத்திலேயே பதில் கட்டியாக வேண்டும். அசல் கல்வி இது. வெறும் கிராமத்துப் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஒரு முழு இரவு உட்கார்ந்து கேட்டவர்களாக இருக்க முடியாது. பாடகர்-நடிகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த மேடையிலும் பெயர் வாங்கியவர்கள். 1931-இல் தமிழில் பேசும்படம் வந்த பிறகு பெரிய நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஸ்பெஷல் நாடகம் தப்பியது. மாதம் பிறந்தால் சம்பளம் போட வேண்டிய கம்பெனி அதற்கு இல்லாததே பெரிய காரணம். கம்பெனி சுமக்க வேண்டிய பாரம் நடிகர் தலைக்கு மாறியது.

மாசியில் சூடு பிடிக்கும் சீசன், பங்குனி சித்திரை வைகாசியில் உச்சத்துக்குப் போய் ஆடியோடு தணிகிறது. சீசனில் பெயருள்ள நடிகருக்கு ஒரு ராத்திரிகூட ஓய்வு கிடைக்காது. மழை பிடித்துவிட்டால் ஐப்பசி முதல் மார்கழி வரை கை காய்ந்துவிடும். செலவு சீசன் பார்த்து வருவதில்லை. தீபாவளியே ஐப்பசியில்தான் வருகிறது. சீசனில் மீட்ட நகை மழைக்காலத்தில் மறுபடியும் அடகுக்கடைக்குப் போவது நடிகர் குடும்பங்களில் வருடந்தோறும் நடப்பது. இரண்டாவது தொழில் இந்த இடைவெளியை அடைக்க வந்தது.

எல்லாத் தொழிலும் இதற்கு ஒத்துவராது. அதிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய டீக்கடை, மாவு புளித்துப்போகும் இட்லிக்கடை இரண்டும் வீட்டில் இன்னொருவர் முழுப்பொறுப்பு எடுத்தால் ஒழிய நடிகருக்குச் சரிப்படாது. ஒருநாள் பூட்டினாலும் சரக்கு கெடாத, வாடிக்கை போகாத தொழில் வேண்டும். தையல், தவணைக்குப் புடவை வியாபாரம், அழகு நிலையம், ஆடு வளர்ப்பு ஆகியவை அந்த வகையில் வருகின்றன. நாடகத்தை ஒட்டிய தொழில்களும் உண்டு: சீன் செட் வாடகை, மைக் செட், டோப்பாவும் உடுப்பும் வாடகைக்கு விடுவது. இவற்றில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாடகம் இல்லாத மாதத்தில் சீன் செட்டுக்கும் கிராக்கி இருக்காது. இரண்டு வருமானமும் சேர்ந்தே வற்றும். வாழ்க்கைக்கு உதவுவது நாடகத்தோடு ஒட்டாத தொழில்தான்.

புதுக்கோட்டைப் பக்கத்தில் ஸ்திரீபார்ட் போடும் ஓர் அம்மாவின் தையல் கடை, வீட்டுத் திண்ணையில் ஒரு மிஷினும் ஒரு மேஜையுமாக இருக்கிறது. மேஜை மேல் நீளவாக்கில் ஒரு நோட்டு. முன்பக்கத்திலிருந்து நாடகத் தேதிகள்: ஊர், நாடகம், உடன் நடிக்கும் ராஜபார்ட் யார், முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. பின்பக்கத்திலிருந்து ஜாக்கெட் அளவுகள். சித்திரையில் முன்பக்கம் மளமளவென்று நிரம்புகிறது. தீபாவளிக்கு முன் பின்பக்கம் நிரம்புகிறது. துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, “என்னைக்கு வேணும் தாயி?” என்பது. அந்தத் தேதியை நோட்டின் முன்பக்கத்தில் சரிபார்த்த பிறகே துணியை வாங்கி வைக்கிறார். நாடகம் இருக்கும் நாளின் மறுநாளுக்கு அவர் வாக்குக் கொடுப்பதே இல்லை. அவருடைய மேடை உடுப்பின் ஜரிகை வேலையும் அதே மிஷினில் தைத்தது. சீசனில் மேக்கப் பெட்டியோடு இன்னொரு பையும் வேனில் ஏறுகிறது. அதில் உடன் வரும் நடிகைகளுக்குத் தவணைக்கு விற்கும் புடவைகள்.

சீசனில் ஒருநாள் ஏறத்தாழ இப்படிப் போகும். மாலை நாலு ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஊர் போய்ச் சேர முடியும். பத்து மணிக்குப் பபூன் மேடைக்கு வருவார். அடுத்து பபூனும் டான்ஸும். கதை சூடு பிடிக்க நள்ளிரவு ஆகிவிடும். தர்க்கம் முடிந்து மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவி மேக்கப்பைக் கலைத்து, பாக்கிச் சம்பளத்தை எண்ணி வாங்கி, வீடு சேர எட்டு மணி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சமையல் முடித்து, பத்து மணிக்குக் கடை. தூக்கம் மத்தியானத்தில் இரண்டு மூன்று மணி நேரம், மிச்சம் வேனில். யாருக்கு எவ்வளவு தூக்கம் என்பதை வேஷமே தீர்மானிக்கிறது. பிந்தி மேடையேறும் ராஜபார்ட், கொட்டகைக்குப் பின்னால் பாய் விரித்து முன்னிரவில் கண்ணயரலாம். டான்ஸ் நடிகைக்கு முன்னிரவிலேயே வேலை ஓய்ந்தாலும் அந்த நேரத்தில் அவர் போவதற்கு பஸ் இல்லை. விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆண் நடிகரை வீட்டில் தூங்க விடுகிறார்கள். நடிகைக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டு வேலையும் அவரிடமே வருகிறது. இதற்கு மேல் ஊர்ப் பேச்சு. இரவில் வெளியூர் போய் அந்நிய ஆண்களோடு மேடையேறும் பெண் என்ற பார்வை இன்னும் மாறவில்லை. மேக்கப் இல்லாமல் சாதாரணப் புடவையில் பஸ் ஏறுவது, பெண்கள் வேனில் சேர்ந்து உட்காருவது எல்லாம் அந்தப் பேச்சிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகள். இங்கே தையல் கடைக்கு வேறொரு மதிப்பும் உண்டாகிறது. தெருவில் அவரை நாடகக்காரி என்று பேசியவர்களே அளவு ஜாக்கெட்டோடு திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைக்கு வரன் பேசும்போது தாயின் தொழில் தையல் என்று சொல்ல முடிகிறது. கலையைச் சொல்லித் தலைநிமிர முடியாத நிலை வருந்தத்தக்கது. அந்த வருத்தத்தைச் சுமப்பவர்கள் மேடையில் குறை வைப்பதில்லை என்பது பெரிய விஷயம்.

நடிகர்களின் சங்கங்கள் சம்பளத் தகராறு பேசித் தீர்க்கின்றன. ஆண்டுதோறும் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்துகின்றன. அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தால் உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்று சீசன் கைவிட்டுப் போனபோது, உதவித்தொகை கொண்டு மட்டும் குடும்பம் நடத்த முடியவில்லை. கைத்தொழில் வைத்திருந்த வீடுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. நாடகத்தையே நம்பியிருந்தவர்களில் பலர் கூலி வேலைக்குப் போனார்கள். இரண்டாவது தொழில் வைத்திருக்கும் நடிகரை முழுநேரக் கலைஞர் இல்லை என்று குறைத்துப் பேசுவது தவறு. அந்த வருமானம் இருப்பதால்தான் அவர் அடுத்த மாசியில் மறுபடியும் மேடைக்கு வர முடிகிறது.

நாடகம் வைக்கும் ஊர்க் கமிட்டியார் செய்யக்கூடியவை செலவு வைக்காதவை. பாக்கிச் சம்பளத்தை மங்களம் பாடும்வரை இழுக்காமல் மேடையேறும் முன்பே கொடுத்துவிடுங்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையையும், பெண்கள் போகத் தகுந்த ஒரு கழிப்பறையையும் நடிகைகளுக்கு ஒதுக்குங்கள். பேசிய தேதியை மாற்றுவதானால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊர் நாடகத்துக்காக அந்த நடிகர் தம் கடையைப் பூட்டி வைத்திருப்பார்.