தொடாமல் யோசி

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் டிக்கோயாவைத் தாண்டி இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலேறினால் அந்தத் தோட்டப் பாடசாலை வரும். சனிக்கிழமை பின்னேரம். தாய்மார் மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சதுரங்கப் பலகைகளின் முன்னால் இருந்தார்கள். கணித ஆசிரியர் ஒருவர் காசு வாங்காமல் இவர்களைப் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன்.

"கையைத் தொடைக்கடியில வைங்க." அதுதான் அவருடைய முதல் சட்டம். யோசித்து முடிக்கும்வரை காயைத் தொடக்கூடாது.

பலகையில் நான்கே காய்கள். வெள்ளை அரசன் எச்8 மூலையில், அவனுடைய காலாள் சி6இல். கறுப்பு அரசன் ஏ6இல், கறுப்புக் காலாள் எச்5இல். வெள்ளை ஆடித் தோற்காமல் தப்ப வேண்டும். கறுப்புக் காலாளைத் துரத்தினால் இரண்டு அடி பிந்திவிடும். சொந்தக் காலாளோ எட்டாத தூரத்தில், எதிரி அரசனின் கைக்கருகில் நிற்கிறது. 1921இல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த புதிர் இது.

"நேரா ஓடுனா புடிக்க ஏலாது சேர்" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

"சரி. வேற?" என்றதோடு ஆசிரியர் நிறுத்திக்கொண்டார். தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. பார்வை மூலையிலிருந்து சரிவாக இறங்கி, மறுபடி மூலைக்கே போய் மீண்டும் இறங்கியது. பக்கத்துப் பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆசிரியர் கண்ணாலேயே அடக்கினார்.

"ஜி7, எஃப்6... சேர், குறுக்கால வந்தா ரெண்டு பக்கமும் போகலாம்!"

அதேதான். சரிவாக வைக்கும் ஒவ்வோர் அடியிலும் வெள்ளை அரசன் இரண்டு காலாள்களையும் ஒருசேர நெருங்குகிறான். கறுப்பு நின்று சி6ஐ வெட்டினால் அதன் காலாள் பிடிபடும். வெட்டாமல் ஓடினால் வெள்ளைக் காலாளும் அரசன் துணையோடு ராணியாகும். ஆட்டம் சமநிலை.

விடையை ஆசிரியரே சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் பாடம் முடிந்திருக்கும், அவளுக்குள் ஒன்றும் தங்கியிருக்காது. சென்னையில் விஷ்ணு பிரசன்னா குகேஷைப் பல ஆண்டுகள் கணினி எஞ்சினைத் தொடவிடாமலே பழக்கினார். 2024 டிசம்பரில், 18 வயதில், குகேஷ் உலக சாம்பியனானார். ஆனால் இந்த வகுப்பறையில் கணினி இல்லாததை அதோடு சேர்த்துப் பெருமை பேச எனக்கு மனமில்லை. வேண்டாமென்று ஒதுக்குவது வேறு, இல்லாமலே இருப்பது வேறு.

ஒவ்வொரு பிள்ளையிடமும் தோற்ற ஆட்டங்களுக்கென்று ஒரு கொப்பி இருக்கிறது. ஒன்றைப் புரட்டினேன். பதினேழாவது நகர்வுக்கு எதிரே, "காலாள் சும்மா கிடைக்குது என்று சந்தோஷப்பட்டேன். அவனுடைய குதிரையைப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தது. சரியான நகர்வு எதுவென்று ஆசிரியர் திருத்தவில்லை. சிவப்பு மையில், "எடுக்கமுன் எவ்வளவு நேரம் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டிருந்தார். நல்ல பயிற்சியாளரை அடையாளம் காண எனக்கு அந்த ஒரு வரி போதும்.

இவர்களுக்குக் குறை எதிராளிகள்தான். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய மிகைல் தால் கழகத்தில் சிறுவன் ஆனந்துக்குத் தன்னைவிடப் பலசாலிகள் கிடைத்தார்கள். வென்றவர் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். இங்கேயோ ஒருவரின் ஆட்டம் மற்றவருக்கு மனப்பாடம். சர்வதேச சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் கொழும்புக்கு இறங்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆனது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் தாய்க்கு ரயில், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் என்று செலவாவது போக, அந்த நாட்களின் பேரும், அதாவது நாட்சம்பளமும், போய்விடும்.

இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. திறமையைத் தேடுவதாகச் சொல்பவர்கள் மலையேறி வரட்டும். ஹட்டனில் மண்டபமும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. கண்டியிலிருந்து ரேட்டிங் உள்ள சிலர் வந்து ஒரு வாரக்கடைசி ஆடினாலே இந்தப் பிள்ளைகளின் ஐந்து ஆட்டங்களில் பாதியாவது கூடிவிடும். பாடசாலை விடுமுறையில் அப்படியொரு போட்டிக்கு ஆசிரியர் முயன்றுகொண்டிருக்கிறார். நடுவரைக்கூடப் பேசி வைத்துவிட்டாராம். இனி ஆட்டக் கடிகாரங்களை இரவல் வாங்க வேண்டும்.