செகண்ட்ஹாண்ட் காமிரா

உங்கள் வீட்டில் காமிராப் பைத்தியம் பிடித்தவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். புதுக் காமிரா விற்கிற விலையில், என்றைக்காவது ஒரு நாள் அவர் பழைய காமிராவைத் தேடித்தான் போகப் போகிறார்.

ஒரு காலத்தில் சென்னையில் பழைய சாமான் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அங்கேயும் ஏமாற்று உண்டு. ஆனால் ஒரு சௌகரியமும் உண்டு. சாமான் உங்கள் கையில் இருக்கும். ஏமாற்றுகிற ஆசாமி உங்கள் கண்ணெதிரே நிற்பான். 1985-ல் அந்த மார்க்கெட் தீக்கிரையாகிவிட்டது. இப்போது மார்க்கெட் நம் சட்டைப் பைக்குள்ளேயே, கைபேசியில் இருக்கிறது. சாமானும் கையில் இல்லை, ஆசாமியும் கண்ணில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

அந்த விளம்பரங்களைப் படிப்பதே ஒரு நல்ல பொழுதுபோக்கு. காமிராவின் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரு டாக்டராக இருப்பார். இரண்டே முறைதான் உபயோகித்திருப்பார். அப்பா காலத்து 'கிளிக் த்ரீ' காமிரா - ஒரு சுருளுக்கு 12 படம் எடுக்குமே, அதேதான் - 'அபூர்வமான புராதனப் பொருள்' என்ற பட்டத்தோடு விலைக்கு வரும். எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடந்த சாமான் அது என்பதை வாங்குகிறவர் மறந்துவிட வேண்டும்!

இன்னும் பெரிய ஆசை உள்ளவர்களுக்குத் தங்க முலாம் பூசி, கழுகும் ஸ்வஸ்திகமும் பொறித்த ஜெர்மன் 'லைகா' காத்திருக்கிறது. ஹிட்லரின் விமானப் படை உபயோகித்ததாம். உண்மையில் இப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவை ருஷ்யாவின் 'ஜோர்க்கி', அல்லது உக்ரெயினில் கார்க்கோவ் நகரில் 1934 முதல் தயாரான 'ஃபெட்'. பிற்பாடு யாரோ வேஷம் கட்டிவிட்டிருக்கிறார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே மேல் பக்கம் பாருங்கள். அசல் லைகாவில் தூரம் அளக்கும் கருவியின் நுனியில் ஒரு சின்ன உருளைச் சக்கரம் இருக்கும். வேஷக்காரனிடம் அந்த இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு நாக்குதான் இருக்கும்.

வேடிக்கை இருக்கட்டும். வயிற்றெரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பிள்ளைக்குக் கல்யாணங்களில் போட்டோ எடுத்துப் பிழைக்க வேண்டுமென்று ஆசை. அந்த அம்மாள் சீட்டுக் கட்டிச் சேர்த்த 28,000 ரூபாயை அவனிடம் கொடுத்திருந்தார். இட்லி விற்று அவ்வளவு சேர்க்க எத்தனை விடியற்காலைகள் எழுந்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மாலை பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மாமா! மற்றவர்கள் 45,000 கேட்கிற காமிராவை ஒருத்தர் 19,000-க்குத் தருகிறார். ராணுவத்தில் இருக்கிறாராம். அஸ்ஸாமுக்கு மாற்றலாகிவிட்டதாம். 5,000 முன்பணம் அனுப்பினால் ராணுவ லாரியிலேயே அனுப்பி வைப்பாராம்!"

அடையாள அட்டையையும், சீருடையில் ஒரு படத்தையும் காட்டினான்.

"ராணுவத்தார் பொய் சொல்வார்களா, மாமா?"

"ராணுவத்தார் சொல்ல மாட்டார்கள், தம்பி. ராணுவத்தார் என்று சொல்லிக்கொள்கிறவர் சொல்லலாம்."

முன்பெல்லாம் ஒரு சுலபமான பரீட்சை உண்டு. ஒரு காகிதத்தில் இன்றைய தேதியை எழுதிக் காமிராவுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுவோம். இப்போது செயற்கை நுண்ணறிவு அந்தக் காகிதத்தையும் தயார் செய்து கொடுத்துவிடுகிறது. ஆகையால், "வீடியோவில் வந்து லென்ஸைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று பையனைக் கேட்கச் சொன்னேன். முகாமில் அதற்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. கூடவே, ஒரு மணி நேரத்தில் வேறொருவர் வாங்கத் தயார் என்ற பயமுறுத்தலும் வந்தது. இந்த அவசரத்தைக் கண்டதும் நீங்கள் உஷாராக வேண்டும். நிஜமாகவே காமிரா வைத்திருக்கிறவனுக்கு ஒரு மணி நேரத்தில் என்ன குடி முழுகிப் போகிறது?

அப்புறம் வந்ததுதான் பிரம்மாஸ்திரம். "உங்களுக்கு நம்பிக்கை வர நானே முதலில் 10 ரூபாய் அனுப்புகிறேன். இந்த க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டி, உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்." பையனின் விரல் எண்ணுக்கே போய்விட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குத்தான் அந்த எண். பத்து ரூபாய் வரும் வழியாகப் பத்தாயிரம் போயிருக்கும்.

விளம்பரத்திலிருந்த படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தோம். எங்கோ வெளிநாட்டுக் கடை ஒன்றின் படம் அது! ஏற்கெனவே பணத்தை அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு நாங்களே தேடினோம். நல்ல பேரம் எப்படி இருக்கும் தெரியுமா? அவலட்சணமாக இருக்கும்! நாங்கள் கண்ட விளம்பரத்தில் படம் மங்கல். பின்னால் கொடியில் வேஷ்டி உலர்ந்துகொண்டிருந்தது. "நிகான் காமிரா. மகன் உபயோகித்தது. நேரில் வந்து பார்க்கவும்" என்று மூன்றே வரி. மேற்கு மாம்பலத்தில், ரிடையரான ஒரு பெரியவர்.

அது 'டி 600'. 2012-ல் வெளிவந்த அந்த மாடலுக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. படம் பதிகிற சென்சாரின் மேல் எண்ணெய்த் துளியும் தூசியும் படிந்துகொண்டே இருந்ததால், 2014-ல் கம்பெனியே ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்தது. மாற்றியாகிவிட்டால் சாமான் முதல்தரம். பேர் மட்டும் திரும்பி வரவில்லை. விலை இறங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர் ஷட்டர் மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். பில்லிலிருந்த எண்ணும் காமிராவின் அடியிலிருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி, வெறும் ஆகாயத்தை ஒரு படம் எடுத்தோம். அழுக்கு இருந்தால் கரும்புள்ளிகளாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. படக் கோப்பைக் கணினியில் போட்டு, ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்த்தோம். 31,000. கம்பெனி 1,50,000 வரை சோதித்துப் பார்த்த ஷட்டர் அது.

பெரியவர் இரண்டு லென்ஸ் வைத்திருந்தார். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றினுள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சைக் காளான். சென்னையின் புழுக்கத்துக்கு அது சகஜம், கண்ணாடியையே அரித்துவிடும். அதை வேண்டாமென்றோம். மற்றொன்று, 50 மில்லிமீட்டர் பழைய 'டி' ரகம், சுத்தமாக இருந்தது. அதைத் தானாக ஃபோகஸ் செய்ய வைக்கும் மோட்டார் டி 600-க்குள்ளேயே இருக்கிறது. நிகானின் மலிவு மாடல்கள் பலவற்றில் அது கிடையாது.

"ரெண்டும் சேர்த்து 22,500 குடுப்பா" என்றார் பெரியவர். பையன் 22,000-க்குக் கேட்டான். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார், காப்பியும் கொடுத்தார்.

காமிராவைத் தோல் பையில் போட்டு மூடி வைக்காதே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வை என்று பையனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் அம்மா இட்லி மிளகாய்ப் பொடி போட்டு வைத்திருந்த பெரிய டப்பாவைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொடுத்திருக்கிறார். காமிரா இப்போது அதில்தான் குடியிருக்கிறது. போன முகூர்த்தத்தில் அவன் அதைக் கண்ணருகே கொண்டுபோனபோது இரண்டு தும்மல் போட்டானாம்.