நீலம் தெளியத் தெளியச் சூடு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கரடிக்கும் காட்டெருமைக்கும் பயப்படுகிறார்கள். ஆனால் அங்கே வேறெந்த இயற்கை அம்சத்தையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியதும் கொன்றதும் வெந்நீர் ஊற்றுகள்தான். 20 பேருக்கு மேல் அவற்றில் வெந்து இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைகளுக்கோ, மரப்பலகை நடைபாதைகளுக்கோ குறைவில்லை. அதையும் மீறிப் போனவர்களை அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு அது போதவில்லை. தெளிந்த நீர் நல்ல நீர் என்று பழகிய கண் நம்முடையது. அந்தப் பழக்கமே அங்கே ஆளைக் கொல்கிறது என்பேன். 1981-இல் கொதிக்கும் ஊற்றொன்றில் விழுந்த நாயைக் காப்பாற்ற ஒருவர் தலைகுப்புறப் பாய்ந்தார். நாயும் பிழைக்கவில்லை, அவரும் பிழைக்கவில்லை.

சுமார் 110 மீட்டர் அகலமுள்ள கிராண்ட் பிரிஸ்மாடிக் ஊற்றைப் பாருங்கள். வெளி விளிம்பில் துருப்பிடித்த பழுப்பு, அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள், நடுவில் ஆழ்ந்த நீலம். விளிம்பு வண்ணங்களைக் கனிமங்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் நுண்ணுயிர்ப் படலங்கள். ஒவ்வொரு வகையும் தனக்குத் தோதான சூட்டில் தங்குகிறது. நீர் ஆற ஆற மஞ்சள் போய்ப் பழுப்பு வருகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் சுமார் 73 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. நிறப்படலம் இல்லாத நடுப்பகுதியில் வெறும் தண்ணீரின் நீலம் மட்டும் தெரிகிறது. ஆக, கண்ணை அதிகம் இழுக்கும் இடமே அதிகம் சுடும் இடம். மார்னிங் குளோரி என்ற ஊற்று இதைத் தலைகீழாக நிரூபித்தது. பார்வையாளர்கள் காசுகளை எறிந்து எறிந்து அதன் வாய் அடைபட, சூடு தணிந்தது. மஞ்சளும் ஆரஞ்சும் நடுவை நோக்கி நகர்ந்தன. 1950-இல் நீரை வெளியேற்றித் துப்புரவு செய்தபோது காசுகளோடு பாட்டில்களும் கைக்குட்டைகளும் காலுறைகளும்கூட வந்தன.

நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால், ஆரஞ்சு ஓரத்தில் கால் வைக்கலாம் என்று யாராவது கணக்குப் போட மாட்டார்களா? நியாயமான கேள்விதான். ஆரஞ்சுப் பகுதியும் தோலைப் பொசுக்கும். கரை என்று நாம் நம்புவது பல இடங்களில் சிலிக்கா படிந்த மெல்லிய ஓடு. அதன் அடியிலும் வெந்நீர். பூங்காவின் நோரிஸ் படுகையில் அமிலமும் சேர்கிறது: 2016-இல் அங்கே நடைபாதையை விட்டு விலகிப் போய் ஊற்றில் விழுந்த இளைஞரின் உடலை மீட்கவே முடியவில்லை. எனவே நிற அறிவு நடைபாதைக்கு மாற்று ஆகாது. நடைபாதையை விட்டு ஏன் இறங்கக் கூடாது என்பதற்கான காரணம் அது. வெறும் தடையைவிடக் காரணம் மனதில் நிற்கும்.

‘என் உயிர், என் இஷ்டம்’ என்கிறவர்களும் உண்டு. மீட்கப் போகிறவர்களின் உயிரும் அதில் சேர்ந்திருக்கிறதே! மிதிபடும் படலமும் அற்பமானதல்ல. 1966-இல் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் இப்பூங்காவின் ஊற்றொன்றில் சேகரித்த பாக்டீரியாவின் நொதியே பின்னாளில் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அடிப்படையானது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியைச் சோதித்ததும் அந்த முறையில்தான்.

நடைபாதையே முழுக் காப்பு என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் பூங்காவின் பிஸ்கட் பேசின் பகுதியில் நீராவி வெடித்து நடைபாதையையே சிதறடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெந்நீர் அமைப்புகளுக்கு வேலி போடவும் முடியாது. ஆனால் ‘விலகிச் செல்லாதீர்கள்’ என்ற பலகையில் எந்த நிறத்துக்கு எத்தனை டிகிரி என்பதையும் பெரிதாக எழுதி வைக்க முடியும்.